ஸ்கேலில் 8 என்று தெரிந்தால் நீளம் 8-ஆ?

ஆறாம் வகுப்புக்கு அளவைகள் பாடம் தொடங்கும் முன் ஒவ்வோர் ஆண்டும் ஒரு சின்னக் கேள்வி கேட்பேன். கரும்பலகையில் பெரிதாக ஒரு ஸ்கேல் வரைவேன். அதன்மேல் ஒரு பென்சில். பென்சிலின் அடிப்பக்கம் 3-இல் இருக்கும், கூர்முனை 8-இல் இருக்கும். பென்சில் எத்தனை செ.மீ.?

"எட்டு சார்!" என்றுதான் முதல் குரல்கள் வரும். கொஞ்சம் யோசிக்கிற பிள்ளைகள் காற்றில் விரலாட்டி எண்ணிவிட்டு "ஆறு" என்பார்கள். ஐந்து என்று சொல்கிறவர்கள் எந்த ஆண்டும் அதிகம் இருந்ததில்லை.

இதை ஆசிரியர் அறையில் சொன்னால், "கவனம் பத்தலை சார், இந்தக் காலத்துப் பிள்ளைங்க அப்படித்தான்" என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எட்டு என்ற பிள்ளைக்கு ஸ்கேல் என்பது தெர்மாமீட்டர் மாதிரி எண் காட்டும் கருவி. முனை எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் விடை. ஆறு என்ற பிள்ளையோ 3, 4, 5, 6, 7, 8 என்று கோடுகளை எண்ணியிருக்கிறது. இரண்டும் வேறு வேறு தவறு. "ஒழுங்கா பாரு" என்று அதட்டினால் இரண்டுமே போகாது.

நம் ஊருக்கு மட்டும் வந்த கோளாறும் இல்லை இது. அமெரிக்காவில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 2003-இல் நடந்த தேசிய மதிப்பீட்டுத் தேர்வில், உடைந்த ஸ்கேல் ஒன்றின்மேல் 8 அங்குலத்திலிருந்து 10½ அங்குலம் வரை ஒரு பல்குத்தும் குச்சியை வைத்து நீளம் கேட்டார்கள். இரண்டரை என்று சரியாகச் சொன்னவர்கள் சிறுபான்மைதான். பத்தரை, மூன்றரை என்ற விடைகள் அங்கேயும் வந்தன. என் வகுப்பின் எட்டும் ஆறும்தான் அவை, வேறு உடுப்பில்.

நம் பாடநூல்களில் 'அளவைகள்' என்ற தலைப்பு தொடக்க வகுப்புகளிலிருந்து எட்டாம் வகுப்புவரை திரும்பத் திரும்ப வரும். ஒன்பதில் அதற்கே 'அளவியல்' என்று பெயர். பெற்றோர் பலர் இதைச் சூத்திரப் பாடம் என்று நினைக்கிறார்கள்: நீளம் பெருக்கல் அகலம், பை ஆர் ஸ்கொயர், கிலோ-ஹெக்டோ-டெகா வாய்ப்பாடு. இவை தெரிந்தால் அளவை தெரிந்துவிட்டது என்று எண்ணம். பிள்ளைக்கு வீட்டில் சொல்லிக்கொடுக்கிற அம்மா அப்பாவுக்கும், புதிதாக வகுப்பெடுக்க வந்திருப்பவர்களுக்கும் அதற்கு முன்னால் இருக்கிற விஷயத்தைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பூக்காரம்மாவின் முழம்

கோயில் வாசலில் மல்லிகை வாங்குகிறீர்கள். பூக்காரம்மா முழங்கையில் சரத்தின் நுனியை வைத்து, நடுவிரல் நுனிவரை இழுத்து, அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு, மறுபடி முழங்கையிலிருந்து தொடங்குகிறார். "ரெண்டு முழம்." அளவிடுதலின் முழு ரகசியமும் அந்தக் கையில் இருக்கிறது.

அவர் என்ன செய்தார்? முதலில் ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்தார்: முழங்கையிலிருந்து விரல்நுனிவரை. இப்படி மற்றதை அளக்க எடுத்துக்கொள்ளும் துண்டுக்குத்தான் அலகு என்று பெயர். அப்புறம் அந்த அலகை, விட்ட இடத்திலிருந்தே பிடித்து, வரிசையாக வைத்தார். நடுவில் இடைவெளி விட்டிருந்தால் நமக்கு லாபம். ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் அவருக்கு லாபம். கடைசியாக எத்தனை தடவை என்று எண்ணினார். விடையில் எண்ணும் இருக்கிறது, அலகும் இருக்கிறது. வெறும் "ரெண்டு" என்றால் விலை பேச முடியாது.

வகுப்பில் இதைச் செய்து பார்க்க நான்கு அடி பெஞ்ச் போதும். சாணால் அளக்கச் சொல்லுங்கள். என் கைக்கு ஐந்தரைச் சாண் வரும். முன்வரிசையில் இருக்கிற ஒரு குட்டிப் பெண்ணுக்கு ஏழரைக்கும் கொஞ்சம் மேலே வரும். "யாரு சரி?" என்று கேட்டால் வகுப்பே என்னைக் கைகாட்டும், வாத்தியார் ஆயிற்றே. இரண்டுமே சரி என்று சொல்லிவிட்டு, "அவளுக்கு ஏன் எண்ணிக்கை கூட வந்தது?" என்று கேளுங்கள். "அவ கை சின்னது சார்." இந்தப் பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அலகு சிறிதானால் எண்ணிக்கை பெரிதாகும் என்ற இந்த ஒரு விஷயம்தான் பின்னால் அலகுமாற்றத்தில் முழுப்பாரமும் தாங்கப்போகிறது.

ஆளுக்கொரு கை என்றால் ஊரில் வியாபாரம் நடக்காது. அதனால்தான் எல்லாரும் ஒப்புக்கொண்ட அலகு தேவைப்பட்டது. தமிழ்நாட்டின் பழைய கோயில்கள் சிலவற்றின் சுவரில், நிலம் அளந்த கோலின் நீளத்தையே கோடாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். சந்தேகம் வந்தால் கோலைக் கொண்டுபோய் அந்தக் கோட்டோடு ஒட்டிப் பார்த்துக்கொள்ளலாம். பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போகிறவர்கள் சிற்பங்களோடு இதையும் காட்டலாம்.

இன்னொரு காட்சி. 1802-ஆம் ஆண்டு, சென்னை பரங்கிமலை. இந்தியா முழுவதையும் முக்கோணங்களாகப் பிரித்து அளக்கும் பெரும்பணியை வில்லியம் லாம்டன் தொடங்குகிறார். அதற்கு முதலில் தரையில் ஒரே ஒரு நேர்கோட்டின் நீளம் மிகத் துல்லியமாகத் தெரிய வேண்டும். ஏழரை மைல் கோடு, கையில் நூறு அடி எஃகுச் சங்கிலி. சங்கிலியை வைத்து, முனையைக் குறித்து, எடுத்து, குறித்த இடத்தில் மறுபடி வைத்து, சுமார் 400 தடவை. ஏறக்குறைய இரண்டு மாதம் ஆனது. வெயிலில் எஃகு நீளும் என்பதால் பக்கத்திலேயே தெர்மாமீட்டர் வைத்து வெப்பநிலையையும் குறித்தார்கள். அலகு நடுவழியில் மாறிவிடக்கூடாதே! பூக்காரம்மா செய்ததும் லாம்டன் செய்ததும் ஒரே வேலை. அக்கறையின் அளவுதான் வேறு.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: ஓர் அலகை எடு, இடைவெளியோ மேலேற்றமோ இல்லாமல் வரிசையாக வை, எத்தனை என்று எண்ணு.

ஸ்கேல் எதை மறைக்கிறது

ஸ்கேல் என்பது இந்த வேலையை யாரோ முன்கூட்டியே செய்து, எண்ணியும் வைத்துவிட்ட சாதனம். 1 செ.மீ. துண்டுகளை வரிசையாக ஒட்டி, ஒவ்வொரு துண்டும் முடிகிற இடத்தில் "இதுவரை இத்தனை" என்று எழுதிவிட்டார்கள். வசதிதான். ஆனால் துண்டுகள் கண்ணுக்குத் தெரிவதில்லை, கோடுகளும் எண்களும் மட்டும்தான் தெரிகின்றன. அதனால்தான் பிள்ளை கோட்டை எண்ணுகிறது.

சாலையோரம் வரிசையாக 10 மரங்கள். நடுவில் எத்தனை இடைவெளி? ஒன்பது. அதே கதைதான் இங்கேயும். 3-லிருந்து 8 வரை ஆறு கோடுகள், ஐந்து இடைவெளிகள். நீளம் இருப்பது இடைவெளியில்.

இதை வாயால் விளக்கி நான் பல ஆண்டுகள் தோற்றிருக்கிறேன். பலன் தந்தது ஒரு காகித வேலை. சிவப்பும் மஞ்சளுமாக 5 செ.மீ. காகிதத் துண்டுகள் வெட்டிக் கொடுத்து, மாறி மாறி ஒட்டி ஒரு நாடா செய்யச் சொல்வேன். அதுவரை பிரச்சினை இல்லை. "இப்ப எண் எழுதுங்க" என்றதும் வேடிக்கை ஆரம்பிக்கும். பாதிப் பேர் முதல் துண்டின் நடுவில் 1 என்று எழுதுவார்கள். துண்டுக்குப் பெயர் வைக்கிறார்கள், முதல் துண்டு, இரண்டாம் துண்டு என்று. "சரி, அரைத் துண்டு நீளமுள்ள ரப்பரை அளக்கணும், இப்ப எந்த எண் வரும்?" என்று கேட்டால் சண்டை வரும். அந்தச் சண்டை நடக்கட்டும், அவசரப்பட்டுத் தீர்த்து வைக்காதீர்கள். ஒருவழியாக, எண்ணைத் துண்டின் முடிவில் எழுதுவதுதான் வசதி என்று அவர்களே வந்து சேர்வார்கள். அப்போது கட்டாயம் யாராவது கேட்பார்கள்: "அப்ப ஆரம்பத்துல என்ன சார் எழுதறது?" பூஜ்ஜியம் அங்கே பிறக்கும்.

அந்தப் பூஜ்ஜியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பள்ளி ஸ்கேலை எடுத்துப் பாருங்கள். 0 கோடு ஓரத்தில் இருக்காது, ஓரத்திலிருந்து சில மி.மீ. உள்ளே தள்ளி இருக்கும். பல பிள்ளைகள் ஓரத்தை வைத்து அளப்பார்கள், இன்னும் சிலர் 1-லிருந்து தொடங்குவார்கள். தையல்காரரின் இன்ச் டேப்பிலோ தகடு அடித்த நுனியிலேயே கணக்கு தொடங்கும். ஆசாரியின் இரும்பு டேப் இன்னும் சுவாரசியம். அதன் நுனிக்கொக்கி கொஞ்சம் ஆடும். பழுது என்று நினைத்து அதைத் தட்டி இறுக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஆட்டம் கொக்கித் தகட்டின் தடிமன் அளவுக்குத்தான் இருக்கும். பலகையின் விளிம்பில் மாட்டி இழுத்தால் கொக்கி வெளியே நகரும், சுவரில் முட்டி அளந்தால் உள்ளே போகும். இரண்டு விதத்திலும் பூஜ்ஜியம் சரியான இடத்தில் வந்து நிற்கத்தான் அந்த ஏற்பாடு.

பென்சில் 3-லிருந்து 8 வரை என்றால் கழித்தும் கண்டுபிடிக்கலாம், 5. ஆனால் "கழி" என்று முதலிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டால் அது இன்னொரு மந்திரமாகிவிடும். துண்டுகளை எண்ணிப் பார்த்த பிள்ளை கழித்தலைத் தானே கண்டுபிடிக்கும்.

பெருக்கணுமா, வகுக்கணுமா?

அளவைப் பாடத்தில் பிள்ளைகள் அதிகம் கேட்கிற கேள்வி இது. 3 மீட்டரைச் செ.மீ. ஆக்க 100-ஆல் பெருக்குவதா வகுப்பதா? கிலோ, ஹெக்டோ, டெகா என்று படிக்கட்டு வரைந்து, "கீழே இறங்கினா பெருக்கு, மேலே ஏறினா வகு" என்று ஒப்பிக்க வைக்கிறோம். தேர்வு அன்று ஏறினால் பெருக்கா இறங்கினால் பெருக்கா என்று குழம்பிப் போகிறது.

500 ரூபாய் நோட்டைக் கொடுத்து 10 ரூபாயாகச் சில்லறை மாற்றுங்கள். கைக்கு எத்தனை வரும்? ஐம்பது. ஒரு நோட்டு ஐம்பதாகிவிட்டதே என்று யாரும் பணக்காரர் ஆகிவிடுவதில்லை. சிறிய அலகு, அதிக எண்ணிக்கை, பணம் அதே பணம். குட்டிப் பெண்ணின் சாண் கதை மறுபடி வந்துவிட்டதா? மீட்டரைச் செ.மீ. ஆக்கினால் அலகு சிறிதாகிறது, ஆகவே எண் பெரிதாக வேண்டும். பிள்ளை 3 மீட்டர் = 0.03 செ.மீ. என்று எழுதினால், "மூணு மீட்டர் கதவைவிட உசரமாச்சே, உனக்கு நகத்தைவிடச் சின்னதா வருதே?" என்று கேட்டால் போதும்.

இதில் பெரியவர்களும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. 5 அடி 6 அங்குல உயரத்தைப் பேச்சில் "அஞ்சு ஆறு" என்போம், சிலர் 5.6 என்று எழுதுவார்கள். அடிக்கு 12 அங்குலம், ஆகவே 5 அடி 6 அங்குலம் என்பது 5.5 அடி. 5 அடி 10 அங்குலக்காரரை 5.10 என்று எழுதினால் இன்னும் மோசம். கணக்கில் அது 5.1 அடி, மனிதர் ஒரே எழுத்தில் முக்கால் அடி குட்டையாகிவிட்டார். இரண்டரை மணி நேரத்தை 2.50 என்று எழுதிவிட்டு இரண்டு மணி ஐம்பது நிமிடம் என்று படிப்பதும் இதே வியாதி. புள்ளிக்குப் பின்னால் வருவது பத்தில் ஒரு பங்கு, நூறில் ஒரு பங்கு. அங்குலமோ பன்னிரண்டில் ஒரு பங்கு, நிமிடம் அறுபதில் ஒரு பங்கு. மெட்ரிக் முறையில் எல்லாம் பத்துப்பத்தாகப் போவதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை. அதுதான் அந்த முறையின் பெரிய சௌகரியமும்.

பரப்பளவு: சதுரத்தால் நிரப்புவது

நடுநிலை வகுப்புகளில் அதிகமாகச் சிக்குகிற இடம் இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நின்று போவோம்.

ஓர் உருவத்தைச் சுற்றி வருகிற ஓரத்தின் மொத்த நீளம் சுற்றளவு. உள்ளே இருக்கிற இடத்தின் அளவு பரப்பளவு. வயலுக்கு வேலி போடுவது சுற்றளவு, நாற்று நடுவது பரப்பளவு. இந்த உதாரணத்தை எல்லாரும் சொல்கிறோம். ஆனாலும் தேர்வில் இரண்டும் மாறிப்போகிறது. ஏனென்றால் இரண்டிலும் பிள்ளை பார்ப்பது ஸ்கேலால் அளந்த அதே இரண்டு எண்கள்தான். ஒரு தடவை கூட்டச் சொல்கிறோம், இன்னொரு தடவை பெருக்கச் சொல்கிறோம். ஏன் என்பதைச் சொல்வதில்லை.

பரப்பை அளக்கவும் அலகு வேண்டும். நீளத்துக்கு நீளத்துண்டு அலகாக இருந்ததுபோல், பரப்புக்குப் பரப்புத்துண்டு. தரைக்கு டைல்ஸ் ஒட்டுவதைப் பார்த்திருப்பீர்கள்: இடைவெளி இல்லை, ஒன்றன்மேல் ஒன்று ஏறவில்லை, ஒரே அளவுச் சதுரங்கள். வரிசைக்கு 6 டைல், மொத்தம் 4 வரிசை, ஆக 24 டைல். பெருக்கல் இங்கேதான் வந்தது. வரிசையாக நிற்பதை ஒவ்வொன்றாக எண்ணுவதற்குப் பதில் வேகமாக எண்ணும் வழி அது. 1 செ.மீ. பக்கமுள்ள சதுரம் ஒரு சதுர செ.மீ.

கோலம் போடத் தெரிந்த பிள்ளைகள் இருந்தால் இன்னொன்று செய்யலாம். 5 வரிசை, வரிசைக்கு 5 நேர்ப்புள்ளி. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளைக் குறுக்கும் நெடுக்கும் கோட்டால் இணைத்தால் எத்தனை சின்னச் சதுரம் கிடைக்கும்? போடும் முன் கேளுங்கள், 25 என்பார்கள். போட்டு எண்ணினால் 16. பத்து மரம், ஒன்பது இடைவெளி, இப்போது இரண்டு திசையிலும்.

அடுத்து நூல். 24 செ.மீ. நூலை முடிச்சிட்டு வளையமாக்கி, கட்டம் போட்ட தாளின்மேல் செவ்வகமாக வைக்கச் சொல்லுங்கள். 11-க்கு 1 என்று ஒல்லியாக வைத்தால் உள்ளே 11 சதுரம். 8-க்கு 4 என்றால் 32. 6-க்கு 6 என்றால் 36. நூல் அதே நூல்தான். சுற்றளவு மாறாமலேயே பரப்பு மும்மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. "சுற்றளவு பெரிசா இருந்தா பரப்பும் பெரிசுதானே சார்" என்ற நம்பிக்கை அந்த நூலோடு கழன்றுவிடும்.

இனி வருவது பெரியவர்களுக்கும் உறைக்கும். 1 மீட்டருக்கு 100 செ.மீ. அப்படியானால் 1 சதுர மீட்டருக்கு எத்தனை சதுர செ.மீ.? நூறு என்றுதான் வகுப்பே சொல்லும். தரையில் சாக்பீஸால் ஒரு மீட்டர் சதுரம் வரைந்து, அதன் மூலையில் 1 செ.மீ. காகிதச் சதுரம் ஒன்றை வையுங்கள். அவ்வளவு பெரிய சதுரத்தில் அந்தத் துணுக்கு தொலைந்துபோகும். "இந்த மாதிரி நூறு வச்சா நிரம்பிடுமா?" சத்தம் குறையும். ஓர் ஓரத்தை ஒட்டி ஒரு வரிசைக்கே நூறு. அப்படி எத்தனை வரிசை? நூறு. மொத்தம் 10,000.

வீட்டு மனை விஷயத்தில் இது காசு. 30-க்கு 40 மனை 1,200 சதுர அடி, அதாவது அரை கிரவுண்ட். பக்கங்களை இரட்டிப்பாக்கி 60-க்கு 80 என்றால் ஒரு கிரவுண்ட் என்று சட்டென்று சொல்லிவிடத் தோன்றும். அது 4,800 சதுர அடி, இரண்டு கிரவுண்ட், நான்கு மடங்கு. அதேபோல "பத்து சதுர அடி" வேறு, "பத்தடிச் சதுரம்" வேறு. பின்னது பத்துக்குப் பத்து அறை, 100 சதுர அடி. நாடு மெட்ரிக் முறைக்கு மாறச் சட்டம் வந்தது 1956-இல். இன்றைக்கும் நிலத்தைச் சென்ட்டிலும் ஏக்கரிலும்தான் பேசுகிறோம், பட்டாவோ ஹெக்டேரில் இருக்கிறது. ஒரு சென்ட் 435.6 சதுர அடி, நூறு சென்ட் ஓர் ஏக்கர். பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் ஒரு ஏர், நூறு ஏர் ஒரு ஹெக்டேர். பட்டாவில் 0 – 40.50 என்று இருந்தால் அது 0 ஹெக்டேர், 40.50 ஏர், ஏறக்குறைய ஓர் ஏக்கர். எட்டாம் வகுப்புக்கு இதைவிட நல்ல வீட்டுப்பாடம் எனக்குத் தோன்றவில்லை. பிள்ளை கணக்குப் போட்டு முடிப்பதற்குள் வீட்டில் இருக்கிறவர்களும் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள்.

ஏழாம் வகுப்பில் இணைகரம் வரும். சாய்ந்த பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் பெருக்கிவிடுவார்கள். நான்கு ஐஸ் குச்சிகளை முனையில் குண்டூசியால் கோத்து ஒரு சட்டம் செய்யுங்கள். குண்டூசிக்குக் குண்டூசி 10 செ.மீ. இருந்தால், நேராக நிற்கும்போது அது 100 சதுர செ.மீ. மேலே பிடித்துப் பக்கவாட்டில் தள்ளுங்கள். பக்கங்கள் அதே பத்துதான். உயரம் 6 செ.மீ. ஆகும்வரை சாய்த்தால் பரப்பு 60. தட்டையாக அமுக்கிவிட்டால் உள்ளே இடமே இல்லை. பக்கத்தைப் பக்கத்தால் பெருக்கினால் அப்போதும் 100 என்றுதான் சொல்லும்! உயரத்தைப் பெருக்குவது ஏன் என்பதற்கு ஒரு கத்தரிக்கோல் போதும். இணைகரத் தாளின் ஒரு முனையில் முக்கோணத்தை வெட்டி மறுமுனையில் ஒட்டினால் செவ்வகம். வரிசைகள் திரும்பிவந்துவிட்டன, பெருக்கிக்கொள்ளலாம்.

சுருக்கமாக: பரப்பின் அலகு சதுரம். சூத்திரம் என்பது அந்தச் சதுரங்களை விரைவாக எண்ணும் வழி. நீளம் இரு மடங்கானால் சதுரங்கள் நான்கு மடங்கு.

கன அளவும் மழையும்

சதுரத்தைக் கனசதுரமாக மாற்றிக்கொண்டால் கன அளவு, அதாவது ஒரு பொருள் அடைத்துக்கொள்ளும் இடம். வரிசை, வரிசைகள் சேர்ந்த அடுக்கு, அடுக்குகளின் எண்ணிக்கை. படத்தில் அடுக்கிவைத்த கட்டைகளை எண்ணச் சொன்னால் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிகிற முகங்களை எண்ணுவார்கள், உள்ளே ஒளிந்திருப்பதை விட்டுவிடுவார்கள். நிஜக் கட்டைகளோ தீப்பெட்டிகளோ கையில் கொடுத்துவிட்டால் இதற்கு அதிகம் பேச வேண்டியதில்லை.

10 செ.மீ. பக்கமுள்ள கனசதுரம் ஒரு லிட்டர் பிடிக்கும். மொட்டைமாடி டேங்க் 1,000 லிட்டர் என்றால் அது ஒரு கன மீட்டர். இதை வைத்து எனக்குப் பிடித்த கணக்கு ஒன்று. வானிலை அறிக்கையில் மழையை ஏன் மி.மீ.-இல் சொல்கிறார்கள், தண்ணீருக்கு லிட்டர்தானே? பெய்த நீர் ஓடாமல் ஊறாமல் அப்படியே தரையில் நின்றால் எவ்வளவு உயரம் நிற்கும் என்பதுதான் அந்த எண். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. உயரம் நின்றால் சரியாக ஒரு லிட்டர். 1,200 சதுர அடி மொட்டைமாடி ஏறக்குறைய 111 சதுர மீட்டர். ஐப்பசியில் ஒரே இரவில் 50 மி.மீ. பெய்தால் அந்த மாடியில் மட்டும் 5,500 லிட்டருக்கு மேல் விழுந்திருக்கிறது. டேங்க் ஐந்தரை தடவை நிரம்பும். இதைப் போட்டுக் காட்டிய மறுநாள் ஒரு பையன் வந்து, "எங்க வீட்டுல அதெல்லாம் ரோட்டுக்குத்தான் போகுது சார்" என்றான்.

கோணம், கொஞ்சமாக

கோணத்தை ஸ்கேலால் அளக்கும் பிள்ளைகளும் உண்டு. கோடுகள் நீளமாக இருந்தால் கோணம் பெரிது என்று நினைப்பார்கள். கைக்கடிகாரத்தில் மூன்று மணி, பஸ் ஸ்டாண்டு கடிகாரத்திலும் மூன்று மணி. முட்களின் நீளம் எவ்வளவோ வேறு, திறப்பு அதே கால் சுற்று. ஒரு முழுச்சுற்றை 360 சம பங்காக வெட்டினால் ஒரு பங்கு ஒரு பாகை. இங்கேயும் அலகு, வரிசை, எண்ணிக்கைதான். அலகு மட்டும் ஒரு திருப்பத் துண்டு. கோணமானியில் இரண்டு வரிசை எண்கள் இருப்பதால் 50-ஐ 130 என்று படித்துவிடுவது சகஜம். கருவியை எடுக்கும் முன்பே "செங்கோணத்தைவிடச் சின்னதா பெரிசா?" என்று சொல்லவைத்துவிட்டால் இந்தத் தவறு அநேகமாக வராது.

முதலில் கண், அப்புறம் கருவி

அந்தப் பழக்கத்தை எல்லா அளவுக்கும் கொண்டுவரலாம். அளக்கும் முன் ஒரு மதிப்பீடு. அதற்கு உடம்பிலும் வீட்டிலும் சில அடையாளங்கள் வேண்டும். சுண்டுவிரல் நகத்தின் அகலம் ஒரு செ.மீ. பக்கம் வரும். வாசற்கதவு இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அரை லிட்டர் பால் பாக்கெட் ஏறக்குறைய அரைக் கிலோ. இவை மனதில் இருக்கிற பிள்ளை, வகுப்பறையின் நீளம் 80 மீட்டர் என்று விடை வந்தால் தானே சிரித்துவிடும்.

பாடநூலும் நாமும் சேர்ந்து ஒரு விஷயத்தை ஒளிக்கிறோம். புத்தகத்தில் எல்லா நீளமும் முழு எண்ணாக இருக்கும், எல்லாக் கணக்குக்கும் ஒரே விடை. கையால் அளந்தால் அப்படி வராது. எந்த அளவும் ஓர் எல்லைவரைதான் சரி. மி.மீ. கோடு போட்ட ஸ்கேலில் படித்தால் அரை மி.மீ. முன்னே பின்னே இருக்கலாம். எவ்வளவு நெருக்கமாக அளந்தோம் என்பதுதான் துல்லியம். அது எவ்வளவு வேண்டும் என்பதை வேலை முடிவு செய்யும். காய்கறிக்காரர் ஒரு வெண்டைக்காயைக் கூடப் போட்டுவிட்டுப் போவார். பவுனுக்கு எட்டு கிராம் என்று கணக்குப் பார்க்கும் நகைக்கடையில் மில்லிகிராமும் பேசும்.

போன ஆண்டு ஏழாம் வகுப்பைக் குழுக்களாகப் பிரித்து, ஒரு மீட்டர் குச்சியால் கரும்பலகையின் நீளத்தை அளக்கச் சொன்னேன். மொத்தம் ஏழு குழு. விடைகளைத் திருத்தாமல் பலகையிலேயே வரிசையாக எழுதினேன். 3 மீ. 58 செ.மீ.-இலிருந்து 3 மீ. 64 செ.மீ. வரை ஆறு விடைகள். இதில் எது சரி என்று கேட்டார்கள். குச்சியைத் தூக்கி வைக்கும்போது அடையாளம் எவ்வளவு நகர்ந்திருக்கும், யார் குச்சியைச் சாய்வாகப் பிடித்தார்கள் என்று பேச்சு அரை மணி நேரம் போனது. ஏழாவது குழுவின் விடை மட்டும் 2 மீ. 61 செ.மீ. அந்தக் குழுப் பிள்ளைகள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் பலகையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "அவங்க நல்லாத்தான் சார் அளந்திருக்காங்க. ஒரு குச்சியை எண்ண மறந்துட்டாங்க."